தூண்டில் ரீல் அம்மா

பெரம்பலூரில் நான் ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்தபோது, பாடாலூரிலிருந்து ஒரு அம்மா வருவார். அறுபதை ஒட்டிய வயது. வெளிறிய நூல் சேலை, தோளில் ஒரு துணிப் பை. வரிசையில் யார் முந்தினாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். தன் முறை வந்ததும் போனில் வந்திருக்கும் மெசேஜைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டுவார். பார்சலைக் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவார். வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். பலமுறை வந்து போன பிறகும் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மேனேஜர் அவரை வாய் பேசாதவர் என்றே நினைத்திருந்தார்.

ஒருநாள் கல்கத்தாவிலிருந்து அவருக்கு வந்த பார்சலில் எண்ணெய் கசிந்து, பக்கத்தில் இருந்த யாருடைய கல்யாணப் புடவைப் பெட்டியிலோ ஊறிவிட்டது. மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? போர் மோட்டார் சாமானா, வண்டிச் சாமானா? உள்ள என்ன இருக்குன்னு சொன்னாத்தான் குடுப்பேன்."

அந்த அம்மா பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, கவுண்டர் மேலேயே வைத்துப் பார்சலைப் பிரித்தார். கசங்கிய வங்காளிப் பேப்பர்களுக்கு நடுவே கைக்கு அடக்கமாக ஒரு பித்தளைச் சக்கரம். ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு கைப்பிடி. அவர் அதைக் காதருகே கொண்டுபோய்ப் பிடியை மெல்லச் சுற்றினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே எங்கோ 'கடக்' என்றது. அவர் முகம் தெளிந்தது.

"தூண்டில் ரீலுங்க. மீன் புடிக்கிற கம்புல நூல் சுத்துறது," என்றார். மெல்லிய குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

"நம்ம ஊர்ல இத வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவீங்க?"

"கழுவி வெப்பேங்க."

மேனேஜர் எண்ணெய்க் கையோடு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கல்யாணம் முறிந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம் அது. அரியலூரில் அம்மா வீட்டில் இருக்கப் பிடிக்காமல், பெரம்பலூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். வீட்டுக்காரம்மா, கூட வேலை பார்ப்பவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர்கள் என்று எல்லோருக்கும் என்னிடம் சொல்வதற்கு ஏதாவது ஒன்று இருந்தது. ஒருமுறை அந்த அம்மாவின் பார்சல் தவறி அரியலூர் ஆபீஸுக்குப் போய்விட்டது. ஊருக்குப் போயிருந்த நானே அதை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாடாலூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி வந்தது. நான் யார் மகள், ஏன் தனியாக இருக்கிறேன், கழுத்தில் ஏன் ஒன்றுமில்லை என்று எதையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

இரண்டே அறை கொண்ட வீடு. பாத்திரம் அடுக்கும் இரும்பு ஷெல்ஃப் முழுக்க ரீல்கள். சமைக்க இரண்டு சட்டி, ஒரு குக்கர் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் இருந்தன. பித்தளை ரீல்கள், பழைய டெலிபோன் போலக் கறுத்து மின்னும் ரீல்கள், தந்தம் போல மஞ்சளித்த பிடி வைத்தவை, வாட்சை விடக் கொஞ்சமே பெரியவை. ஜப்பான், நார்வே, இங்கிலாந்து என்று எங்கெங்கோ செய்தவை. கணவர் விட்டுப்போனவை பாதி. மீதியை அந்த அம்மாவே போனில் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடித் தேடி வாங்கியிருந்தார்.

தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு பழைய எவர்சில்வர் தட்டோடு உட்காருவார். ரீலைப் பிரிக்கப் பிரிக்க, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு திருகாணியையும் தட்டின் விளிம்பைச் சுற்றி வைப்பார். பித்தளைக்குப் புளி. இறுகிப்போன கிரீசுக்குப் பெட்ரோல். பல்சக்கரத்தின் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். கடல் உப்பு பூத்துப் போன பாகமென்றால் வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, அது இளகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

ஒன்றை மட்டும் செய்ய மாட்டார். பளபளவென்று தேய்க்க மாட்டார். நான் ஒருமுறை கைகொடுப்பதாக நினைத்து ஒரு ரீலின் ஓரத்தை அழுத்தித் தேய்த்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார்.

"அங்க தேய்க்காத பாப்பா. இதப் பாரு."

அந்த விளிம்பில் ஓரிடம் லேசாகக் குழிந்து வழவழவென்று இருந்தது. எந்த ஊரிலோ யாரோ ஒருவர் பல வருடங்கள் கட்டைவிரல் வைத்து அழுத்திய இடம். தன் கட்டைவிரலை அதில் பொருத்திக் காட்டினார். பிறகு என் விரலையும் வைக்கச் சொன்னார்.

அவருடைய பேச்சு அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் அவருடைய ஓரகத்தி குடும்பம். நடுவில் ஒரு மதில். அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஓரகத்தி, இவர் காதில் விழ வேண்டும் என்றே, "இரும்புச் சாமானோட குடும்பம் நடத்துறா, பேசுறதுக்கு மனுச மக்களா கெடைக்கல?" என்பார். இந்த அம்மா பிரஷை நிறுத்திக் கேட்பார். பேச்சு முடிந்ததும் மறுபடி தேய்ப்பார். கோபம்கூடத் தெரியாது. முதலில் எனக்கு அந்த அமைதி பெரிய ஆறுதலாக இருந்தது. என் கதை முழுவதையும் அங்கே உட்கார்ந்துதான் சொன்னேன். போகப்போகத்தான் கொஞ்சம் பயமாக இருந்தது. இத்தனை மாதம் பழகியும் அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கணவரைப் பற்றி அவர் சொன்னது ஒரு மழை நாளில். கரண்ட் போய்விட்டதால் வேலை நின்றிருந்தது. கையில் வேலை இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வரும் போல.

கணவர் சரக்குக் கப்பலில் இஞ்சின் ஃபிட்டர். வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். வரும்போதெல்லாம் ஏதாவது துறைமுகத்துப் பழைய கடையில் வாங்கிய ஓடாத ரீல்கள் பெட்டி நிறைய வரும். காலையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தால் இருட்டும்வரை அதே வேலை. குழந்தை கிடையாது. இவர் சோறு ஆக்கி வைத்துவிட்டுக் கூப்பிடுவார். கணவர் "இதோ" என்பார். மறுபடி கூப்பிட்டால் அதே "இதோ".

"முப்பது வருசம் பாப்பா. அவுங்களத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நான் பேச மாட்டேன். அப்படியே பழகிப் போச்சு. அடுப்படியில இருந்தா அந்தச் சத்தம் மட்டும் கேக்கும். கடகடகடன்னு. ஒரு ரீலு சரியாயிட்டா அந்தச் சத்தம் வரும்."

இறந்ததும் அப்படித்தான். பாதி பிரித்த ரீல் முன்னால் கிடக்க, சுவரில் சாய்ந்தபடி. மாரடைப்பு. இழவுக்கு வந்தவர்கள் அந்தச் செய்தித்தாளைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். ஓரகத்தி வாரிப் போடப் போனபோது இவர் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். கருமாதி முடிந்தும் அது அப்படியே கிடந்தது. பிறகு ஒருநாள், வெள்ளைக்காரர்கள் ரீல் பூட்டுகிற வீடியோக்களைப் போனில் போட்டு, பேச்சு புரியாமல் கைகளை மட்டும் பார்த்துப் பார்த்துப் பூட்ட ஆரம்பித்திருக்கிறார். மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது.

"கடைசில ஒரு சின்ன ஸ்பிரிங்கு. அத வெச்சு மூடிச் சுத்துனேன். அந்தச் சத்தம் வந்துச்சு. செத்தன்னைக்குக்கூட அழல பாப்பா. அன்னைக்குத்தான் அழுதேன்."

கரண்ட் வந்தது. மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அவர் முதல்முறையாக என்னிடம் ஓர் உதவி கேட்டார். "ஞாயித்துக்கெழம கட்டாயம் வா பாப்பா. அவுங்க கூட கப்பல்ல இருந்தவரு மெட்ராஸ்லேருந்து கார்ல தூத்துக்குடி போறாராம். போற வழியில வூட்டுக்கு வர்றேன்னு போன் பண்ணுனாரு. எனக்குப் பேச வராது."

வந்தவர் வாட்டசாட்டமான ஆள். தலை முழுக்க நரை. உள்ளே நுழைந்ததுமே சிரித்தார். ஷெல்ஃபில் இருந்த ரீல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, எதற்கோ காத்திருப்பது போல அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, இப்படி அமைதியா இருக்கீக? அண்ணே போன சோகம் இன்னும் தீரலையோ? உங்கள நேர்ல பாக்கணும்னு எத்தன வருச ஆச தெரியுமா? நீங்க சொன்னதச் சொல்லிச் சொல்லித்தான அண்ணே எங்கள சிரிக்க வச்சாரு. சாயங்காலம் டெக்குல தூண்டிலப் போட்டுட்டு உக்காந்தம்னா, அண்ணே ஆரம்பிச்சிருவாரு. 'எங்க வூட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா?' அவ்வளவுதான், வயிறு புண்ணாயிரும்லா!"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அந்த ஆட்டுக் கத ஒண்ணு போதுமே," என்று வந்தவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். "அண்ணி வளத்த ஆடு காணாமப் போச்சாம். ஸ்டேஷன்ல போய் நிக்கிறாக. ஏட்டு கேக்குறாரு, 'ஆட்டுக்கு என்னம்மா அடையாளம்?' அண்ணி சொல்லுறாக, 'எங்க வூட்டுக்காரரு மாதிரியே இருக்கும் சார். கூப்பிட்டா காதுல விழும், திரும்பிப் பாக்காது.'"

சொல்லிவிட்டுத் தொடையில் அடித்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். வந்தவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்ற கலக்கம் அவர் முகத்தில் வந்தது.

"ஆமா," என்றார் அந்த அம்மா. "அந்த ஆடு கடைசி வரைக்கும் கெடைக்கல."

வந்தவருக்கு உயிர் வந்தது. மறுபடி சிரித்தார். கிளம்பும்போது, அண்ணன் ஞாபகமாக ஒரு ரீல் தர முடியுமா என்று தயங்கிக் கேட்டார். அந்த அம்மா எழுந்து, ஷெல்ஃபின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது, கணவர் பாதியில் விட்டுப்போய், இவர் பூட்டி முடித்த அந்த ரீல்.

"நாங்க பழைய ஆளுக வருசத்துக்கொருக்கா தூத்துக்குடியில கூடுவோம் அண்ணி. இந்தத் தடவ நீங்க கண்டிப்பா வரணும். எல்லாரும் உங்க பேச்சக் கேக்கணும்," என்றார் அவர் காரில் ஏறும்போது.

கார் பைபாஸில் ஏறி மறைந்தபிறகும் அந்த அம்மா வாசலிலேயே நின்றார்.

"எங்க வூட்ல ஆடே வளத்ததில்ல பாப்பா," என்றார். உள்ளே திரும்பும்போது, "அவுங்க பேசுவாங்களாமே," என்றார்.

அதன்பிறகு அவர் கூரியர் ஆபீஸ் பக்கமே வரவில்லை. அவர் பெயருக்கு வந்த பார்சல்கள் வெங்காய விதைப் பெட்டிகளுக்குப் பின்னால் தங்கிப்போயின. போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். செய்தித்தாள் விரிக்கப்படவில்லை. வெறுங்கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கைகள் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"பேச வராத மனுசன்னு நெனச்சேன்," என்றார் என் கேள்வியை விட்டுவிட்டு. "சில பேரு அப்படித்தான், நம்ம தலையெழுத்துன்னு இருந்துட்டேன். பேச்செல்லாம் வந்திருக்கு. அங்கயே எறக்கி வெச்சிட்டு வந்திருக்காங்க. எனக்கு 'இதோ' மட்டுந்தான்."

நான் முதல்முறையாக அவர் குரலில் கோபத்தைக் கேட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் மிக்ஸி ஓடி நின்றது. ஆறுதல் சொல்பவர்கள் மேல் எனக்கே எரிச்சல் இருந்த காலம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் கிளம்ப எழுந்தபோது, "நான் தூத்துக்குடி போறேன். நீயும் வர்றியா?" என்று கேட்டார்.

"அங்க போயி என்னம்மா பேசுவீங்க?"

"தெரியல."

அரியலூர் ஸ்டேஷனில் பகல் வண்டி பிடித்துப் போனோம். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். மறுநாள் பிற்பகல், கல் கொட்டிய கடற்கரை ஓரமாக அந்தப் பழைய கப்பல்காரர்கள் கூடியிருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். சிலர் மனைவிகளோடு வந்திருந்தார்கள். தூண்டில் கம்புகள் பாறை இடுக்குகளில் செருகி நின்றன. இவருக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, ஆரம்பிங்க," என்றார் பாடாலூருக்கு வந்தவர்.

காற்று பலமாக அடித்தது. அவர் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆடு கிடைக்கவில்லை என்று சொன்னது போல இங்கேயும் ஏதாவது ஒப்பேற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான் எதுவும் சொன்னதில்லைங்க," என்றார். "அதெல்லாம் அவுங்களாச் சொன்னது. வூட்ல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே கெடையாது. எனக்குக் கத எதுவும் தெரியாது."

யாரும் அசையவில்லை. ஒரு பெண் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பாடாலூருக்கு வந்தவரின் முகம் செத்துப்போனது. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

கடைசியில் ஓரத்தில் இருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அப்போ அண்ணே நம்மகிட்ட இத்தன வருசமா ரீலு விட்டுருக்காரா?"

ஒரு நொடி. பிறகு யாரோ குபுக்கென்று சிரித்தார். அது பற்றிக்கொண்டது. வயதானவர்கள் அத்தனை பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த அம்மாவின் உதடும் கொஞ்சம் கோணியது.

"நீங்க சொல்லுங்க," என்றார் அவர். "அவுங்க என்னென்ன சொன்னாங்களோ, எல்லாத்தையும் சொல்லுங்க. நான் கேக்குறேன். எனக்கு அதுதான் வரும்."

அவர்கள் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, 'அப்படியில்லடே, அண்ணே இப்படித்தான் சொல்லுவாரு' என்று திருத்திக்கொண்டு, அவருடைய குரலிலேயே பேசிக் காட்டிக்கொண்டு சொன்னார்கள். ஒரு கதையில் கப்பலுக்குப் புறப்படும் கணவரிடம் மனைவி சொல்கிறாள்: "இந்தத் தடவ ரீலு வேணாங்க. சிங்கப்பூர்ல எல்லாமே கெடைக்குமாமே, கொஞ்சம் பேச்சு வாங்கிட்டு வாங்க. பழசா இருந்தாலும் பரவாயில்ல, நான் கழுவிக்கிறேன்."

அதைக் கேட்டதும் அந்த அம்மா சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. இத்தனை நாளில் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலைப்பை எடுத்துவிட்டு, "அப்புறம்?" என்றார். வெயில் இறங்கும்வரை "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது, அரியலூரிலிருந்து பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளையாகத் தூசு.

"நான் மனசுல நெனச்சதெல்லாம் அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாப்பா. ஒண்ணுவிடாமத் தெரிஞ்சிருக்கு."

"ஆமாம்மா."

"அந்தக் கதைல வர்ற பொம்பள நல்லாத்தான் பேசுறா. வாயாடி. அவளோட அவுங்க சந்தோசமா இருந்திருக்காங்க." ஜன்னல் கம்பித் தூசை விரலால் துடைத்தபடி, "எனக்கு அவ மேல பொறாமையா இருக்கு," என்றார்.

மறுவாரம் கவுண்டருக்கு வந்து தங்கியிருந்த பார்சல்களை வாங்கிக்கொண்டு போனார். மறுபடி செய்தித்தாள் விரிந்தது. அந்த வருடக் கடைசியில் எனக்குச் சென்னை ஆபீஸுக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு வரப் போனபோது வழக்கம்போலத் தலையை ஆட்டினார். வாசல்வரை வந்தார். அவ்வளவுதான்.

சென்னைக்கு வந்த புதிதில், ஒரு மதிய நேரம், கவுண்டரில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த அம்மா. இத்தனை நாளில் அவராக எனக்குப் போன் செய்ததே இல்லை. ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, பக்கத்தில் இருந்தவரிடம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனேன்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல, சும்மாதான்."

பிறகு மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடுவாரோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"காலையில தண்ணி வரல," என்றார். "குழாயடிக்குப் போனேன். அங்க என்னா ஆச்சுன்னா பாப்பா..." என்று ஆரம்பித்தார். குழாயடியில் ஓரகத்தி யாரோடோ போட்ட சண்டை, அதில் உடைந்த குடம், மதிலேறி வந்த பூனை, பஸ்ஸில் நடத்துனர் சொன்னது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனார். பழக்கமில்லாத பேச்சு. பாதியில் விட்டு, முன்னால் சொன்னதற்குத் திரும்பி, பெயர் மறந்து, தடுமாறித் தடுமாறிப் போனது. சிரிக்க வேண்டிய இடம் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

திடீரென்று நிறுத்தினார்.

"இருக்கியா பாப்பா?"

"இருக்கேம்மா," என்றேன். "சொல்லுங்க."